சந்தைக்கு வழி கேட்ட முஹாஜிர்

 

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதியை யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வாழ்ந்த எவரும் மறக்கவியலாது. இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினர். வீடும் கடையும் நகையும் பறிபோயின. அம்மாதம் வட மாகாணத்திலிருந்து துரத்தப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர்.

புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தம் வளவுகளையும் திறந்துவிட்டனர், உணவளித்தனர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆயினும், நாட்கள் ஆண்டுகளானபோது பிரச்சினை சந்தையில் முளைத்தது. நேற்று கடை நடத்தியவர் இன்று வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் கூலிக்கு நின்றார். பசித்தவன் குறைந்த கூலிக்கும் இசைவான். அதனால் தோட்ட உரிமையாளர் ஆதாயம் கண்டார். உள்ளூர் ஏழைத் தொழிலாளியின் வருமானம் குறைந்தது. வந்தவர்களால் வியாபாரம் பெருகிற்று. காணி விலையும் ஏறிற்று. நிவாரணம் அவர்களுக்கு மட்டுமா என்ற மனத்தாங்கல் எழுந்தது. ‘அகதி’ என்னும் சொல் ஏச்சாகவும் மாறியது.

சகோதரர்களே! மதீனாவை நினைத்துப் பாருங்கள். ஸஃது இப்னு ரபீஃ (ரழி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அதில் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று உழைத்தார்கள். அன்ஸாரிகள் பேரீச்சந் தோட்டங்களைப் பங்கிட விரும்பியபோது நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்கவில்லை. முஹாஜிர்கள் தோட்டத்தில் உழைத்து, விளைச்சலில் பங்கு பெறுவதென முடிவாயிற்று. கைபர் வெற்றியின் பின்னர், பயன்பெறத் தரப்பட்ட மரங்களை முஹாஜிர்கள் உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தனர்.

இதிலுள்ள படிப்பினை யாது? தஞ்சமளிப்போரின் கடமை சோறு கொடுப்பதுடன் முடிவதில்லை. அகதியின் வறுமையைக் காரணமாக்கிக் கூலியைக் குறைப்பது உதவியன்று, அநீதி. தஞ்சம் பெற்றவரின் கடமை உழைப்பும் நன்றியுணர்வும் ஆகும்; தன் வரவால் உள்ளூர் ஏழையின் பிழைப்பு நலியாதிருக்கவும் அவர் கவனித்தல் வேண்டும்.

2009 இல் போர் முடிந்தபின் எம்மில் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணம் மீண்டனர். எமது அயலவரான தமிழ் மக்களும் இடப்பெயர்வை அறியாதவரல்லர். சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30 இல், வலிகாமமும் ஒரே இரவில் வெறிச்சோடியது. ஆகவே, கடைத்தெருவில் இரு சமூகத்தாரும் சந்திக்கும்போது, இழந்தவர் இழந்தவரைச் சந்திக்கின்றார். நேர்மையான அளவையும் நியாயமான கூலியுமே அங்கு நம்பிக்கையை மீளக் கட்டியெழுப்பும்.

பெற்றோர்களே! இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பகையை வளர்க்க அன்று, நீதியைக் கற்பிக்க. இளைஞர்களே! நாளை உங்கள் கடையில் வேலை கேட்டு வீடிழந்த ஒருவர் வந்து நிற்கலாம். அவர் எந்தச் சமூகத்தவராயினும் முழுக் கூலியையும் தாமதமின்றிக் கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் எம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.