ஏரிக்கரை ஆர்க்கிட் தொட்டிக்கு எவ்வளவு உரம்?

ஆர்க்கிட் செடிகள் குளிர்ந்த மலைப் பகுதிகளுக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. டென்ட்ரோபியம், வாண்டா ஆகிய இனங்களில் பல வகைகள் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் விரும்புபவை. பழவேற்காடு ஏரியை ஒட்டிய கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களிலும் நிழல்வலையின் கீழ் இவற்றைத் தொட்டியில் வளர்க்கலாம். ஆனால், இப்பகுதியில் செடிக்குக் கேடு செய்யக்கூடியது உப்பு. அது கிணற்று நீரிலும் வரும்; அளவு மீறிய உரத்தின் வழியாகவும் வரும்.

மெதுவாகக் கரையும் உரம்

விடியற்காலையிலேயே மீன் ஏலத்திற்குச் செல்லும் குடும்பங்களுக்கு, வாரந்தோறும் உரக் கரைசல் தெளிப்பது கடினம். ஒருமுறை இட்டால் பல வாரங்களுக்குப் பயன்தரும் மணி உரம் அவர்களுக்கு உகந்தது. 1960-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆஸ்மோகோட் இவ்வகையைச் சேர்ந்தது. உர மணியின் மேல் பிசின் பூச்சு உள்ளது. ஈரம் உள்ளே புகுந்து உரத்தைக் கரைக்கிறது. கரைசல் சிறிது சிறிதாக வெளியே கசிகிறது. வெப்பம் கூடக் கூட இந்தக் கசிவும் விரைவாகும்.

உறையில் ‘மூன்று முதல் நான்கு மாதம்’ என அச்சிட்டிருப்பது பொதுவாக 21 அல்லது 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கான கணக்கு. நம் கரையோரத்தில் மே மாதத்தில் நிழலிலேயே 37 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். எனவே, உறையில் கண்ட முழு அளவை இங்கே இட்டால், உரம் குறுகிய காலத்தில் இறங்கி வேர் நுனிகளைக் கருக்கிவிடும்.

இடும் அளவும் முறையும்

6 அங்குலத் தொட்டி ஒன்றுக்கு 14:14:14 மணி உரம் அரைத் தேக்கரண்டி, அதாவது சுமார் 2 முதல் 3 கிராம், போதுமானது. தை-மாசியில் ஒரு முறையும், ஆடி-ஆவணியில் மறுமுறையும் புதுத் தளிர் வளரும்போது இடலாம். கத்திரி வெயில் காலத்திலும், ஐப்பசி-கார்த்திகை அடைமழையிலும் இடுவதைத் தவிர்க்கவும். புதிதாகத் தொட்டி மாற்றிய செடிக்குப் புது வேர் விட்ட பின்னரே உரம் தேவை.

கரித்துண்டு, ஓட்டுத்துண்டு நிரப்பிய தொட்டியில் மணிகள் இடுக்கு வழியே கீழே விழுந்துவிடும். பழைய கொசுவலைத் துண்டில் சிறு பொட்டலமாகக் கட்டி, செடியின் அடிப்பகுதியைத் தொடாமல் தொட்டியின் ஓரமாக வைக்கவும். மீன் வலையின் கண் பெரிது, மணி நழுவிவிடும்.

உரம் தீர்ந்த பிறகும் மணியின் கூடு அப்படியே இருக்கும். ஒன்றிரண்டை விரலால் நசுக்கிப் பார்க்கவும். வெறும் நீர் மட்டும் வந்தால் உரம் தீர்ந்தது எனக் கொள்ளலாம். உள்ளே கெட்டியான பருக்கை இருந்தால் மறுமுறை இடுவதைத் தள்ளிப்போடவும்.

நீரைக் கவனியுங்கள்

ஆர்க்கிட்டுக்கு ஊற்றும் நீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 0.5 டெசிசைமனுக்குக் குறைவாக இருப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை நீரை மூடியிட்ட பீப்பாயில் சேமித்தால், சில தொட்டிகளுக்குப் பல வாரங்கள் பயன்படும். கிணற்று நீர் உவர்ப்பாயின் மழைநீருடன் கலந்து ஊற்றவும். காயலில் ஊறிய தேங்காய் மட்டையில் உப்பு தங்கியிருக்கும். நல்ல நீரில் பலமுறை அலசிய பின்னரே தொட்டியில் இடவேண்டும். கருவாடு, மீன் கழுவிய நீரை ஊற்றுவது கூடாது.

கரித்துண்டின் மேல் வெண்படலம் படிவதும், இலை நுனி காய்வதும், வேர் நுனி கறுப்பதும் உப்பு மிகுந்ததன் அறிகுறிகள். உடனே உரப் பொட்டலத்தை எடுத்துவிட்டு, நல்ல நீரைத் தொட்டி வழியே தாராளமாக வழியவிடவும். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அவ்வாறே செய்யவும்.

திசு வளர்ப்புக் கன்று பூக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகலாம். அரைக் கரண்டி உரத்தை அதிகமாக இட்டு அதனை இழப்பது வீண் நட்டமே. வளர்க்கத் தொடங்குமுன் தங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்து, திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறுவது நலம்.