நாற்பது பேருக்கு ஒரு விருந்து

2020ஆம் ஆண்டு மே மாதம், பெருந்தொற்று நாட்டைச் சூழ்ந்திருந்த வேளையில், திருமணங்களில் 50 பேருக்கு மேல் கூடலாகாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் வரம்பு விதித்தது. ஊரையே அழைத்துப் பழகிய குடும்பங்கள் அன்று முதன்முறையாக ஒரு கேள்வியை எதிர்கொண்டன: நம் மகிழ்ச்சியில் உடனிருந்தே ஆக வேண்டிய ஐம்பது பேர் யார்? வரம்பு பின்னர் நீங்கியது; கேள்வி நீங்கவில்லை. மணநாள் வெள்ளிவிழா, அறுபதாம் ஆண்டு நிறைவு, பணி ஓய்வு போன்ற நிகழ்வுகளை நெருங்கிய சிலரோடு மட்டும் கொண்டாட இன்று பல குடும்பங்கள் விரும்புகின்றன.

சிறிய விருந்து என்பதாலேயே அது எளிய பணியாகிவிடாது. ஆயிரம் பேர் கூடும் மண்டபத்தில் சிறு குறைகள் கூட்டத்தில் மறைந்துவிடும். நாற்பது பேர் அமரும் அறையில் ஒவ்வொன்றும் கண்ணில் படும். விருந்தளிப்பவரின் சேமிப்பு, உறவினரின் மனநிறைவு ஆகிய இரண்டும் இங்கே பணயமாக உள்ளன. இரண்டையும் காக்கும் வழி முன்கூட்டிய திட்டமே.

பெயர்ப் பட்டியலே முதற்கணக்கு

இடம், உணவு, அலங்காரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன், வீட்டார் கூடி அமர்ந்து பெயர்ப் பட்டியலை எழுதி முடிக்க வேண்டும். அறையின் அளவும் செலவின் அளவும் அந்தப் பட்டியலிலிருந்தே பிறக்கின்றன. மண்டபத்தை முதலில் பிடித்துவிட்டு, அதை நிரப்புவதற்காக ஆட்களைத் தேடுவது தலைகீழான முறை.

பட்டியலுக்கு ஓர் அளவுகோல் தேவை. மூன்று மணி நேரம் நடைபெறும் விருந்தில் நாற்பது பேர் இருந்தால், விருந்தளிப்பவர் ஒவ்வொருவருடனும் நான்கு நிமிடங்கள் பேச இயலும். நூறு பேர் என்றால் இரண்டு நிமிடம்கூடக் கிட்டாது. தனிப்பட்ட விருந்தின் தனிச்சிறப்பு இந்த நிமிடங்களில்தான் இருக்கிறது; மேசைமீது வைக்கும் பூக்களின் விலையில் இல்லை.

அழைக்க இயலாதவர்களையும் பட்டியலிடும்போதே நினைவிற்கொள்வது நன்று. ‘எங்களுக்குச் சொல்லவில்லையே’ என்னும் மனக்குறை, விருந்தின் சுவையைவிட நெடுநாள் நீடிக்கக்கூடும். ஒரு தரப்பில் பெரியப்பா குடும்பத்தை மட்டும் அழைத்து, சித்தப்பா குடும்பத்தை விட்டுவிடுவது போன்ற பிளவு வேண்டாம். உறவின் ஒரு படிநிலை வரை அனைவரையும் அழைத்து, அதற்கு அப்பால் யாரையும் அழைக்காதிருப்பதே பிறர் ஏற்கும் நியாயம். எஞ்சியோரிடம், செய்தி வேறு வழியில் எட்டும் முன்பே, தொலைபேசியில் தெரிவித்து ஆசி பெறலாம். விருந்துப் படங்களைச் சமூக ஊடகங்களில் பதிவிட வேண்டாம் என்று வந்தவர்களிடம் அன்புடன் கேட்டுக்கொள்வதும் இதனைச் சார்ந்ததே.

அழைப்பிதழை வாட்ஸ்அப் வழியே அனுப்பினால், படமாக மட்டும் அனுப்புங்கள். அழைப்பிதழ் என்ற பெயரில் ‘ஏபிகே’ வகைக் கோப்புகளை அனுப்பி, கைபேசியைக் கைப்பற்றி, வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைக் கவரும் மோசடிகள் நடந்துள்ளன. உங்கள் அழைப்பு இத்தகைய ஐயத்துக்கு இடந்தரலாகாது.

தொகையும் அதன் பகுப்பும்

விருந்துச் செலவில் இரு வகை உண்டு. இட வாடகை, அலங்காரம், ஒலி அமைப்பு ஆகியவை வருவோர் எண்ணிக்கையால் பெரிதும் மாறுவதில்லை. உணவும் தாம்பூலப் பையும் தலைக்கு ஏறும் செலவுகள். இவ்விரண்டையும் பிரித்து எழுதினாலன்றி, ‘இன்னும் பத்துப் பேர்தானே’ என்னும் சொல்லின் விலை புலப்படாது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் காண்போம். உணவு தலைக்கு 1,200 ரூபாய் வீதம் நாற்பது பேருக்கு 48,000; இட வாடகை 30,000; அலங்காரமும் ஒலியும் 15,000; தாம்பூலப் பைகளும் சில்லறைச் செலவும் 10,000. ஆக 1,03,000 ரூபாய். எதிர்பாராதவற்றுக்குப் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் ஏறத்தாழ 1,13,000. பட்டியலில் இருபது பேர் கூடினால் உணவுக்கு மட்டும் 24,000 ரூபாய் ஏறும். அறையும் போதாமல் வேறிடம் தேட நேரும்.

மணநாளும் பிறந்தநாளும் திடீரென வருவன அல்ல. ஓராண்டுக்கு முன்பே திங்கள்தோறும் 9,500 ரூபாயைத் தொடர் வைப்பில் செலுத்திவந்தால், பன்னிரண்டாம் மாத இறுதியில் அசல் மட்டுமே 1,14,000 ரூபாயாகத் திரண்டிருக்கும். ஒரு மாலைப் பொழுதுக்காகத் தனிநபர் கடன் பெற்று, நினைவுகள் மங்கிய பின்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பது எவ்வகையிலும் அறிவுடைமையன்று. ஓய்வுக்கால வைப்பையோ மருத்துவத்துக்கென ஒதுக்கிய தொகையையோ இதற்காக முறிக்கவும் வேண்டாம்.

ஒப்பந்தமும் பணமும்

வாய்மொழி ஒப்பந்தம் நெருங்கிய அறிமுகமுள்ளவரிடமும் போதாது. நாள், நேரம், பந்தி எண்ணிக்கை, உணவு வகைகள், பரிமாறுவோர் எண்ணிக்கை, முன்பணம், நிகழ்ச்சி தள்ளிப்போனால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். இறுதி எண்ணிக்கையை எந்நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதையும், சொன்னதைவிடக் குறைவாக ஆட்கள் வந்தால் எத்தனை இலைக்குப் பணம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சச்சரவுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

சொன்ன விலை வரி உட்படவா, வரி நீங்கலாகவா என்பதையும் கேட்டறிய வேண்டும். வெளியிடத்தில் வந்து சமைத்துப் பரிமாறும் சேவைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி பொதுவாக 5 விழுக்காடு. நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை பெறும் விடுதிகளில் அது பொதுவாக 18 விழுக்காடு. ஒரே உணவுக்கு இரண்டிடங்களில் தொகை வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய தொகைகளை வங்கி வழியே செலுத்துவது பாதுகாப்பு மட்டுமன்று. சட்டமும் அதையே வேண்டுகிறது. ஒரே நிகழ்ச்சி தொடர்பாக ஒருவரிடமிருந்து 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் 1 முதல் தடைசெய்துள்ளது. தொகையைப் பல நாள்களில் பிரித்துக் கொடுத்தாலும் நிகழ்ச்சி ஒன்றே என்பதால் தடை பொருந்தும். மீறிப் பெறுபவர்மீது அத்தொகைக்கு ஈடான தண்டம் விதிக்கப்படலாம்.

உணவும் ஒலியும்

உணவு வகைகளின் எண்ணிக்கையைக் குறைத்துத் தரத்தை உயர்த்துவதே சிறு விருந்துக்கு அழகு. முதியோருக்குக் காரம் குறைந்த ஒன்று, நீரிழிவு உள்ளோருக்கு இனிப்பு நீங்கலாக ஒன்று, குழந்தைகளுக்கு எளிய ஒன்று என அமைந்தால் யாரும் இலையைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. நிலக்கடலை, முந்திரி, பால் போன்றவற்றால் ஒவ்வாமை உடையோர் உளரா என்று அழைக்கும்போதே கேட்டறியலாம். நாற்பது பேரிடம் இதைக் கேட்பது கடினமன்று.

சமையல் ஒப்பந்தக்காரரிடம் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். சூடான உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 பாகைக்குக் கீழும் இருத்தல் வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். விருந்தினர் வரத் தாமதமாகும் என்றால் உணவை மேசைமீது பரப்பிவைக்காமல், சமையற்கட்டிலேயே சூடாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இசைக்கும் எல்லை உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி இயக்கலாகாது. குடியிருப்புப் பகுதிக்குரிய ஒலியளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். மொட்டைமாடியிலோ குடியிருப்பு வளாகத்திலோ விருந்து வைப்போர் அண்டை வீட்டாரிடம் முன்னதாகச் சொல்லிவைப்பது, விதிக்கும் பண்புக்கும் ஒருசேரப் பொருந்தும். மதுபானம் வழங்க எண்ணுவோர் அந்தந்த மாநில ஆயத்தீர்வைத் துறையின் விதிகளை அறிந்து, வேண்டிய தற்காலிக உரிமத்தைப் பெற வேண்டும். குஜராத், பீகார் ஆகிய மாநிலங்களில் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது.

பரிசுகளும் வரியும்

பலர் கவனியாத செய்தி ஒன்று உண்டு. திருமணத்தின்போது மணமக்கள் பெறும் பரிசுகளுக்கு வருமான வரி இல்லை. இவ்விலக்கு மணநாள் நிறைவு விழாவுக்கும் பிறந்தநாளுக்கும் இல்லை. சட்டம் உறவினர் என வரையறுக்கும் வட்டத்துக்கு வெளியே உள்ளோரிடமிருந்து ஒரு நிதியாண்டில் பெறும் பணப் பரிசுகளின் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்றி முழுத் தொகையும் வருமானமாகக் கருதப்படும். சித்தப்பா, மாமா, அத்தை ஆகியோர் அந்த வட்டத்துக்குள் வருவர். அவர்தம் பிள்ளைகளும் நம் நண்பர்களும் வாரார். ‘பரிசுகள் வேண்டாம், வருகையே போதும்’ என்று அழைப்பிதழில் அச்சிடுவது இருவருக்கும் நிம்மதி.

அந்த மாலை

விருந்தன்று வீட்டுத் தலைவரும் தலைவியும் சமையற்கட்டுக்கும் வாயிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தால், அதுவரை செய்த திட்டம் பயனற்றதாகும். ஒப்பந்தக்காரர்களுடன் பேசவும், எஞ்சிய தொகையைச் செலுத்தவும், முதியோரை வண்டியேற்றி அனுப்பவும் பொறுப்பான இளையவர் ஒருவரை முன்னரே அமர்த்துங்கள். செலவுத் தாளும் ஒப்பந்த நகல்களும் அவர் கையில் இருக்கட்டும். மிஞ்சும் உணவை யாருக்கு, எந்நேரத்துக்குள் அனுப்புவது என்பதையும் முன்பே முடிவுசெய்துவிடலாம்.

தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியம் புதுவகையான செய்யுளை விருந்து என்றே குறிக்கிறது. வாயிலில் வந்து நிற்பவர் எத்தனை ஆண்டுப் பழக்கமுடையவராயினும், அன்று அவரைப் புதியவராக எண்ணி முகமலர வரவேற்பதையே அச்சொல் நம்மிடம் கேட்கிறது. பட்டியலும் கணக்கும் ஒப்பந்தமும் செம்மையாக அமைந்தால், அதற்குரிய நேரமும் மனமும் விருந்தளிப்பவருக்கு வாய்க்கும்.