ஊர்க் கதையை எழுதினால் ஊர் என்ன சொல்லும்? இடைசெவல் முதல் திருச்செங்கோடு வரை ஒரு பார்வை

பொங்கல், தீபாவளி நேரத்தில் தாம்பரம் ரயில் நிலையத்தையும் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தையும் பார்த்தாலே தெரிந்துவிடும், தென்சென்னைப் புறநகரில் எத்தனை பேருக்கு ‘ஊர்’ என்பது வேறொரு இடம் என்று. சேலையூரில் வாடகை வீடு, ஊரப்பாக்கத்தில் இ.எம்.ஐ. கட்டும் ஃபிளாட், ஓ.எம்.ஆரில் வேலை. ஆனால், சொந்த ஊர் எது என்று கேட்டால் கோவில்பட்டி, நாமக்கல், விருத்தாசலம் என்றுதான் பதில் வரும்.

இவர்களில் பலருக்கும் ஒரு ஆசை உண்டு. என்றாவது ஒருநாள் ஊர்க் கதையை எழுத வேண்டும். தாத்தா காலத்து வரப்புத் தகராறு, நின்றுபோன கோயில் திருவிழா, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு கல்யாணம்... எல்லாமே நாவலுக்கான சரக்குதான். ஆனால் நாலு பக்கம் எழுதியதும் கை நின்றுவிடும். ‘இதை அத்தை படிச்சா என்ன நினைப்பாங்க?’

இது சின்ன கேள்வி இல்லை. நகரத்தைப் பற்றி எழுதுபவருக்குப் பக்கத்து ஃபிளாட்காரர் யாரென்றே தெரியாது. கிராமத்தைப் பற்றி எழுதுபவருக்கோ, கதையில் வருபவரும், கதையைப் படிப்பவரும், படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்பவரும் ஒரே தெருவில் இருக்கலாம். தமிழ் எழுத்தாளர்கள் இந்த நெருக்கத்தோடு எப்படி வாழ்ந்தார்கள்? அதற்கு என்ன விலை கொடுத்தார்கள்?

ஒரே ஊர், இரண்டு சாகித்ய அகாடமி

கோவில்பட்டியிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே போனால் கயத்தாறுக்கு முன்னால் வரும் கரிசல் கிராமம் இடைசெவல். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே பலரும் கடந்து போகும் ஊர். இந்தச் சின்ன ஊரிலிருந்து இரண்டு எழுத்தாளர்கள் சாகித்ய அகாடமி விருது பெற்றிருக்கிறார்கள். ஒருவர் கு.அழகிரிசாமி (1970, மறைவுக்குப் பின்). இன்னொருவர் கி.ராஜநாராயணன் (1991, ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக).

இருவரும் சமவயது நண்பர்கள். ஆனால் வாழ்க்கை இரண்டு திசையில் போனது. அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காக சென்னைக்கு வந்தார். மலாயாவுக்கும் போய் அங்கே ‘தமிழ் நேசன்’ நாளிதழில் வேலை பார்த்தார். கி.ரா. ஊரிலேயே விவசாயியாக இருந்தார். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கியதோடு சரி என்று தன் படிப்பைப் பற்றி அவரே கிண்டலாகச் சொல்லிக்கொள்வார். பொதுவுடைமை இயக்கம், விவசாயிகள் போராட்டம் என்று அலைந்தவர், 30 வயதைத் தாண்டிய பிறகுதான் கதை எழுத வந்தார்.

ஊரில் இருந்ததால் அவருக்கு என்ன கிடைத்தது? அவருடைய புகழ்பெற்ற ‘கதவு’ சிறுகதை ஒரு நல்ல உதாரணம். தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டின் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கதவில் ஏறி ஆடி விளையாடிய குழந்தைகளுக்கு அது வெறும் மரப்பலகை இல்லை. வறட்சி, வரி, அரசாங்கம் என்று கட்டுரையில் பத்துப் பக்கம் எழுத வேண்டியதை ஒரு கதவு சொல்லிவிடுகிறது. ஜப்தி என்றால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு வரும் கதை இது.

60 வயதைக் கடந்த பிறகு, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுக்கும் பணிக்காக கி.ரா. புதுச்சேரிக்குக் குடிபோனார். 2021 மே 17 அன்று அங்கேயே காலமானார். இறுதிச் சடங்கு மட்டும் இடைசெவலில், அரசு மரியாதையுடன் நடந்தது.

எழுத்தை வைத்துச் சோறு சாப்பிட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. கிராமத்தை எழுதிய முக்கியமான தமிழ் எழுத்தாளர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் எல்லோருக்கும் இன்னொரு வேலை இருந்திருக்கிறது. ‘வெக்கை’, ‘அஞ்ஞாடி’ எழுதிய பூமணி கூட்டுறவுத் துறையில் அதிகாரி. ‘சாய்வு நாற்காலி’ எழுதிய தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வியாபாரம் செய்தவர். ‘கோவேறு கழுதைகள்’ எழுதிய இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர், விருத்தாசலத்தில் இருப்பவர். பெருமாள்முருகன் அரசுக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்.

இதில் ஒரு லாபமும் உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. லாபம், வேலையே மனிதர்களைக் கொண்டுவந்து சேர்க்கும். வகுப்பறை, சந்தை, கூட்டுறவு அலுவலகம் எல்லாமே கதை நடமாடும் இடங்கள். ஆபத்து, உள்ளூரில் வேலை பார்ப்பவரை உள்ளூர் எளிதில் நெருக்க முடியும். எழுத்தாளர் எங்கே வேலை செய்கிறார், வீடு எங்கே, பிள்ளைகள் எந்தப் பள்ளி என்பது எல்லோருக்கும் தெரியும். பெருமாள்முருகனுக்கு நடந்தது இதுதான்.

திருச்செங்கோட்டில் என்ன நடந்தது?

திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் 1966-ல் பிறந்தவர் பெருமாள்முருகன். அவருடைய ‘மாதொருபாகன்’ நாவல் 2010-ல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. காளி, பொன்னா என்ற கணவன் மனைவி. பாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் குழந்தை இல்லை. ஊரும் உறவும் அவர்களைச் சொல்லால் குத்திக்கொண்டே இருக்கிறது. சுமார் ஒரு நூற்றாண்டுக்கு முன், திருச்செங்கோடு தேர்த் திருவிழாவின் ஒரு குறிப்பிட்ட இரவில், குழந்தையில்லாத பெண்கள் முன்பின் தெரியாத ஆணோடு சேர்ந்து கருத்தரிக்கும் வழக்கம் இருந்ததாக நாவல் சொல்கிறது. பொன்னாவை அங்கே அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் கதையின் மையம்.

நாவல் வந்து நான்கு ஆண்டுகள் பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. 2013-ல் அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்தது. 2014 டிசம்பரில் பிரச்சினை வெடித்தது. சில இந்து அமைப்புகளும் சாதி அமைப்புகளும் போராட்டத்தில் இறங்கின. புத்தகப் பிரதிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரி 9-ம் தேதி திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது.

எதிர்த்தவர்களின் வாதம் இது: எங்கள் ஊர், எங்கள் கோயில், எங்கள் சமூகம் என்று வெளிப்படையாக அடையாளம் காட்டி, எங்கள் பெண்களை இழிவுபடுத்திவிட்டார். எழுத்தாளர் தரப்பு வாதம்: இது கற்பனை. குழந்தையில்லாத தம்பதியை ஒரு சமூகம் எப்படி வதைக்கிறது என்பதுதான் பேசுபொருள்.

ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடந்தது. எழுத்தாளர் வருத்தம் தெரிவிக்க முன்வந்தார். அது போதாது, நிபந்தனையற்ற மன்னிப்பு வேண்டும் என்றார்கள். சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவதாகவும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகுதான் ஃபேஸ்புக்கில் அந்தப் பதிவு வந்தது. எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டார், இனி ஆசிரியராக மட்டுமே வாழப்போகிறேன், என் புத்தகங்களை யாரும் விற்க வேண்டாம் என்பது அதன் சாரம். பிறகு பணியிட மாறுதலில் சென்னைக்கு வந்தார். ஊரை எழுதியவர் ஊரை விட்டே வெளியேற வேண்டியிருந்தது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

இந்த வழக்கில் பலருக்குத் தெரியாத விஷயம், நீதிமன்றத்துக்கு முதலில் போனது பெருமாள்முருகன் இல்லை. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் இன்னொரு எழுத்தாளரான ச.தமிழ்ச்செல்வன்தான் மனு போட்டார். எழுத்தாளர் மீதும் புத்தகத்தின் மீதும் நடவடிக்கை கேட்டு எதிர்த்தரப்பும் மனு செய்தது.

2016 ஜூலை 5 அன்று, சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. முக்கியமான அம்சங்கள் மூன்று:

• அந்த ஜனவரி 12 ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது.

• நாவலைத் தடை செய்யவோ எழுத்தாளர் மீது குற்ற நடவடிக்கை எடுக்கவோ காரணம் இல்லை. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விடும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது.

• எதிர்ப்பு வந்தால் படைப்பாளியைப் பாதுகாப்பது அரசின் கடமை. சட்டம் ஒழுங்கு என்ற பெயரில் அவரையே பணியவைப்பது தீர்வு ஆகாது.

எழுத்தாளர் மீண்டும் உயிர்பெற்று எழுத வேண்டும் என்ற பொருளில் தீர்ப்பு முடிந்தது.

தீர்ப்பு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

சட்டப்படி சரி. மனதளவில் அவ்வளவு எளிதில்லை. மீண்டும் எழுத வந்த பெருமாள்முருகன் 2016-ல் வெளியிட்ட நாவல் ‘பூனாச்சி’. அதன் நாயகி ஒரு வெள்ளாடு. கதை நடக்கும் இடம் அசுரலோகம். அங்கே பிறக்கும் ஒவ்வொரு ஆட்டுக்கும் காது குத்தி அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். மனிதர்களைப் பற்றி எழுத பயம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட பயம் என்பதை முன்னுரையில் அவரே சொல்லியிருந்தார். உண்மையான ஊர்ப் பெயரோடு எழுதிய ஒருவர் ஆட்டின் பின்னால் நின்று பேச வேண்டிய நிலை வந்தது.

அதே நேரம், உலகம் அவரைத் தேடி வந்தது. சாதி மாறி நடக்கும் திருமணத்தைப் பற்றிய ‘பூக்குழி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-ல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பட்டியலுக்குப் போன முதல் தமிழ் நாவல் அது. அதே ஆண்டு ‘ஆளண்டாப் பட்சி’யின் மொழிபெயர்ப்புக்கு ஜே.சி.பி. விருது கிடைத்தது.

எழுத நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

ஊர்க் கதை தொடர்பான புகார்களில் அடிக்கடி பேசப்படும் பிரிவுகள், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் மூன்று. மத உணர்வைப் புண்படுத்துவது (பிரிவு 299), பிரிவினரிடையே பகைமை வளர்ப்பது (196), அவதூறு (356). இதில் 299-ன் கீழ் குற்றம் என்று சொல்ல, வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்ததாக நிரூபிக்க வேண்டும். யாரோ ஒருவர் மனம் வருந்தினார் என்பது மட்டும் போதாது.

ஆனால் பெருமாள்முருகன் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரை முதலில் மௌனமாக்கியது எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. கடையடைப்பும், ஒரு கையெழுத்தும்தான். நீதிமன்றம் அதைச் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு ஆனது.

சரி, தாம்பரத்தில் உட்கார்ந்து ஊரை எழுதலாமா?

தாராளமாக. சென்னைக்கு வந்த பிறகும் அழகிரிசாமி எழுதிய நல்ல கதைகளில் பல கிராமத்துக் குழந்தைகளையும் ஏழை வீடுகளையும் பற்றியவைதான். ‘ராஜா வந்திருக்கிறார்’ ஒரு உதாரணம். தூரம் கொஞ்சம் துணிச்சல் தரும். ஆனால் தூரம் ஒன்றைப் பறித்துக்கொள்ளும்: பேச்சு. பத்து வருஷம் ஓ.எம்.ஆரில் வேலை பார்த்தவருக்கு ஊர்ச் சொற்கள் நாக்கிலிருந்து நழுவத் தொடங்கியிருக்கும்.

இங்கேதான் கி.ரா.வும் பெருமாள்முருகனும் ஒரே வேலையைச் செய்திருப்பது கவனிக்கத்தக்கது. கி.ரா. கரிசல் வட்டாரத்துக்குச் சொல்லகராதி தொகுத்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குத் தொகுத்தார். கதை எழுதுவதோடு நிற்காமல், உழவுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் வசவுக்கும் ஊர் வைத்திருந்த சொற்களை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார்கள். ஊரிலேயே இருந்தவர்களுக்கே அது தேவைப்பட்டது என்றால், ஊரைவிட்டு வந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் பேசி, போனில் ரெக்கார்டு செய்துகொள்வதே நல்ல தொடக்கம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பெருமாள்முருகனின் முதல் நாவலான ‘ஏறுவெயில்’ (1991), குடியிருப்புக் காலனிக்காக நிலத்தை இழக்கும் ஒரு விவசாயக் குடும்பத்தின் கதை. இதைத் தென்சென்னைப் புறநகரில் இருந்துகொண்டு படித்தால் வேறு மாதிரி உறைக்கும். மாடம்பாக்கம், பெருங்களத்தூர், சிட்லபாக்கம் எல்லாம் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணையும்வரை பேரூராட்சிகள். அதற்கு முன்பு ஏரிப் பாசனம் நடந்த கிராமங்கள். இன்று நாம் இ.எம்.ஐ. கட்டும் ஃபிளாட்டின் அடியில் யாரோ ஒருவர் நாற்று நட்டிருக்கிறார். அந்த வயலை விற்ற குடும்பம் இரண்டு தெரு தள்ளி இன்னமும் இருக்கலாம். எழுதுவதற்கான ஊர் 600 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.