தோண்டாமலே தெரியும் பழைய ஊர்

கீழ்க்கட்டளையில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டப் போறீங்களா? ஒரு நிமிஷம்! பக்கத்துப் பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். நம்ம காலடி மண்ணிலும் வரலாறு இருக்கலாம்.

சிவகங்கை மாவட்டம் கீழடியில், 2019-ல் 5-ஆம் கட்ட அகழாய்வுக்கு மும்பை இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் உதவியுடன் நிலத்தடி ஆய்வு நடந்தது. ரேடார் கருவி அனுப்பும் அலை, புதைந்த சுவரில் பட்டுத் திரும்பும். சுட்ட செங்கல், சூளை இருக்கும் இடத்தைக் காந்தமானி காட்டும். இரண்டையும் வரைபடமாக்கினால், எங்கே தோண்டலாம் என்று தெரிந்துவிடும்.

ஆனால், ஜேசிபி கலைத்த மண்ணில் சுவரின் தடமே மிஞ்சாது. அதனால் முதுமக்கள் தாழியோ, பழைய செங்கல் வரிசையோ தென்பட்டால் வேலையை நிறுத்துங்க. எதையும் நகர்த்தாமல் மொபைலில் படம் எடுங்க. உடனே வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ, தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்க.