‘திங்கட்கிழமையிலிருந்து டயட்’: எடை குறைக்கும் ஆர்வம் ஏன் பாதியில் காணாமல் போகிறது? தக்கவைக்க என்ன வழி?

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி முடிந்த கையோடு ஒரு சபதம்: "நாளையிலிருந்து டயட்." திங்கட்கிழமை காலை ஓட்ஸ், மாலையில் நடை. செவ்வாயும் புதனும் அப்படியே போகின்றன. வியாழக்கிழமை ஆபீஸ் வேலை இரவு 11 மணி வரை இழுக்கிறது. டீம் மொத்தத்துக்கும் பீட்சா வருகிறது. "சரி, இந்த வாரம் போச்சு. அடுத்த திங்கட்கிழமை பார்த்துக்கலாம்."

இது உங்கள் கதை போல இருந்தால், உங்களுக்கு மனவுறுதி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் திட்டம் உற்சாகமான திங்கட்கிழமைக்காகப் போடப்பட்டது. களைத்துப்போன வியாழக்கிழமை இரவுக்கு அதில் இடமே இல்லை. ஆர்வம் எப்படியும் ஏறும், இறங்கும். அது இறங்கும் நாளில் என்ன செய்வது என்பதைத்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

இப்போதே ஏன் யோசிக்க வேண்டும்?

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 24 சதவீதம் பேரும் ஆண்களில் 22.9 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். தமிழ்நாட்டில் இது பெண்களிடம் 40.4 சதவீதம், ஆண்களிடம் 37 சதவீதம்.

அந்த ஆய்வு பிஎம்ஐ 25 என்பதை எல்லையாக வைத்தது. ஆனால், இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்று நம் நாட்டு மருத்துவ நிபுணர்கள் வகுத்துள்ளனர். குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை நோய்க்கு வழிவிடும் உடல்வாகு நம்முடையது. கை, கால் ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் தள்ளியிருந்தாலும் கவனிக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எல்லை.

ஐசிஎம்ஆர் ஆதரவுடன் நடந்த 'இண்டியாப்' ஆய்வு 2023இல் சொன்ன கணக்கு இன்னும் கவலைக்குரியது. நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், 13.6 கோடி பேருக்கு அதற்கு முந்தைய நிலை. ஆபீஸில் எடுத்த ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், நீங்களும் அந்த 13.6 கோடியில் ஒருவராக இருக்கலாம்.

சபதம் ஏன் நிலைப்பதில்லை?

திங்கட்கிழமை உற்சாகம் பொய்யல்ல. வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், புத்தாண்டு, பிறந்தநாள் போன்ற நாட்களில் புதிதாக ஒன்றைத் தொடங்கும் உந்துதல் கூடுகிறது என்று கேட்டி மில்க்மேன் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். முக்கியமாக மூன்று காரணங்கள்.

முதலாவது, இலக்கின் அளவு. "ரெண்டு மாசத்துல 15 கிலோ" என்று தொடங்கினால், முதல் மாதம் 2 கிலோ குறைந்தாலும் அது தோல்வியாகவே தெரியும். உண்மையில் அது நல்ல முன்னேற்றம்.

இரண்டாவது, 'எல்லாம் அல்லது எதுவும் இல்லை' என்ற மனநிலை. கனடா உளவியலாளர்கள் ஜேனட் பாலிவியும் பீட்டர் ஹெர்மனும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். ஹெர்மன் பங்கேற்ற 1975ஆம் ஆண்டு சோதனை ஒன்றில், சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் மில்க் ஷேக்கைக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ அதற்குப் பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'விரதம்தான் கலைஞ்சு போச்சே, இனி என்ன' என்ற கணக்கு. ஒரு துண்டு பீட்சா செய்யும் சேதத்தைவிட, அதற்குப் பிறகு வரும் "போனா போகுது" செய்யும் சேதம் பெரிது.

மூன்றாவது, உடலே எதிர்த்து நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேரிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், கடுமையான டயட்டில் எடை குறைந்த ஓராண்டுக்குப் பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவர்களுக்குப் பசி முன்பைவிட அதிகமாகவே இருந்தது. எடை குறைந்த பிறகு அடங்காத பசி வந்தால், அதை உங்கள் குணக்கேடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடல் தன் சேமிப்பைக் காப்பாற்றப் பார்க்கிறது. பட்டினி டயட் நீடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

யாருக்காகக் குறைக்கிறீர்கள்?

"என்ன, இப்படி குண்டாயிட்ட?" என்று கல்யாண வீட்டில் அத்தை கேட்டது. "போட்டோவுல நல்லா இருக்கணும்" என்ற ஆசை. நம்மில் பலர் தொடங்குவது இப்படித்தான். அவமானமும் ஒரு உந்துதல்தான், ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். கல்யாணம் முடிந்ததும் காரணமும் முடிந்துவிடும்.

பிறர் அழுத்தத்தால் செய்வதைவிட, தனக்கு முக்கியம் என்று தானே ஏற்றுக்கொண்டதை மனிதர்கள் நீண்ட நாள் செய்கிறார்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் ஆகிய உளவியலாளர்கள் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் இதுதான். எனவே உங்கள் காரணத்தை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "அப்பாவுக்கு 45 வயசுல சுகர் வந்துச்சு, எனக்குத் தள்ளிப்போகணும்." "மெட்ரோ படிக்கட்டு ஏறினா மூச்சு வாங்கக் கூடாது." எழுதும் வரியில் கிலோ கணக்கு வேண்டாம்.

ஏன் கிலோ வேண்டாம்? சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' ஒரு நல்ல பதில். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடந்த இந்த ஆய்வு 2006இல் வெளியானது. தினமும் அரை மணி நேர வேக நடை, உணவில் மாற்றம் என்ற வழியில் சென்றவர்களுக்கு சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் சராசரி எடை பெரிதாகக் குறையவில்லை. எடை மெஷின் நகராத வாரங்களிலும் உங்கள் உழைப்பு வீணாவதில்லை.

ஆர்வமே இல்லாத நாளில் என்ன செய்வது?

*குறைந்தபட்ச அளவை முடிவு செய்யுங்கள்.* நல்ல நாளில் 40 நிமிட நடை. மோசமான நாளில் 10 நிமிடம், அதுவும் மொட்டை மாடியிலேயே போதும். நோக்கம் கலோரியை எரிப்பதல்ல, சங்கிலி அறாமல் பார்த்துக்கொள்வது.

*'இப்படி நடந்தால், இதைச் செய்வேன்' என்று எழுதிவையுங்கள்.* "ஆரோக்கியமா சாப்பிடுவேன்" என்ற பொது வாக்குறுதியைவிட, நேரமும் இடமும் சேர்ந்த திட்டம் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. உதாரணமாக:

- இரவு 9 மணிக்கு மேல் வேலை நீண்டால், 8 மணிக்கே இட்லி சாப்பிட்டுவிடுவேன்.
- பிஜி மெஸ்ஸில் பொரியல் கொஞ்சமாக வைத்தால், இன்னொரு கரண்டி கேட்டுவிட்டுத்தான் சாதம் போட்டுக்கொள்வேன்.
- டீமில் பீட்சா வந்தால், இரண்டு துண்டுடன் நிறுத்தி கூல்டிரிங்க்ஸைத் தவிர்ப்பேன்.

*பிடித்ததைக் கடினமானதோடு கட்டிவிடுங்கள்.* சுவாரஸ்யமான ஆடியோ புத்தகங்களை ஜிம்மில் மட்டுமே கேட்க முடியும் என்று வைத்தபோது, ஜிம்முக்கு வருவது கூடியதை மில்க்மேனின் மற்றொரு ஆய்வு காட்டியது. உங்களுக்குப் பிடித்த பாட்காஸ்ட்டை நடக்கும்போது மட்டும் கேளுங்கள். ஆனால், ஒரு விடுமுறைக்குப் பிறகு அந்த ஆய்வில் பலன் கரைந்துபோனது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போய்த் திரும்பும் வாரத்துக்கு என்று தனியாக ஒரு திட்டம் தேவை.

*சுற்றுப்புறத்தை மாற்றுங்கள்.* மேஜையில் மிக்சர் டப்பா இருந்தால் கை தானாகப் போகும். டப்பாவை அலமாரிக்குள் வையுங்கள். டெலிவரி ஆப்பின் நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். ஷூவைக் கதவோரம் வையுங்கள். தூக்கத்தையும் கவனியுங்கள்: தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

எத்தனை நாளில் பழக்கமாகும்?

'21 நாள்' என்று பலர் சொல்வதை நம்பி, 22ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று சோர்ந்துவிடாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 நாள் முதல் 254 நாள் வரை மாறியது.

அதே ஆய்வில் ஆறுதலான இன்னொரு செய்தி: இடையில் ஒரு நாள் தவறியது, பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

இலக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் 2002இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில் வைத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும்தான். அந்தக் குழுவில் சர்க்கரை நோய் அபாயம் 58 சதவீதம் குறைந்தது. நீங்கள் 80 கிலோ என்றால் 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ சொச்சம். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம்.

தினமும் எடை பார்த்துப் பதறுபவரா நீங்கள்? உப்பு, தண்ணீர், மாதவிடாய் என்று பல காரணங்களால் எடை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் பாருங்கள். மாதம் ஒரு முறை இடுப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

ஊசி போட்டால் போதாதா?

மவுஞ்சாரோ, வீகோவி ஆகிய எடை குறைப்பு ஊசிகள் 2025இல் இந்தியாவுக்கு வந்தன. தேவையுள்ளவர்களுக்கு அவை உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால், வீகோவியில் உள்ள செமாகுளுடைடை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டில் திரும்பப் பெற்றதாக ஓர் ஆய்வு சொல்கிறது. மருத்துவர் ஆலோசனை இல்லாமல் தொடவே கூடாது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

திடீரென்று எடை ஏறினாலோ, மாதவிடாய் ஒழுங்கற்றுப் போனாலோ தைராய்டு, பிசிஓஎஸ் பரிசோதனை தேவைப்படலாம். சில மருந்துகளும் எடையைக் கூட்டும். கட்டுப்படுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு குற்ற உணர்வில் தவிப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் நாட்களைக் கடத்துவது போன்றவை இருந்தால், எடையைவிட முதலில் கவனிக்க வேண்டியது மனநலம்தான். அங்கே "மோட்டிவேஷன்" வீடியோ உதவாது, சிகிச்சை உதவும்.

சரி, எப்போது தொடங்குவது? திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் 10 நிமிடம் நடங்கள். அடுத்த வியாழக்கிழமையும் ஆபீஸில் பீட்சா வரும். இரண்டு துண்டு சாப்பிடுங்கள், தப்பில்லை. வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.