காயம்பட்ட மூளைக்குப் புது நரம்பணுக்கள்: ஆய்வு எங்கே நிற்கிறது?

உடைந்த எலும்பு கூடிவிடுகிறது; கிழிந்த தோல் ஆறிவிடுகிறது. மூளைக்காயம் மட்டும் அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை. அதை ஆறவைக்க உயிரிப்பொறியியலாளர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள்.

ஏன் ஆறுவதில்லை?

தலையில் பலத்த அடி விழும்போதே பல நரம்பணுக்கள் இறந்துவிடுகின்றன. அடுத்த சில நாட்களில் வீக்கமும் ஆக்சிஜன் குறைவும் மேலும் பலவற்றை அழிக்கின்றன. முதிர்ந்த நரம்பணு தானாகப் பிரிந்து பெருகாது. காயத்தைச் சுற்றி உருவாகும் தழும்பு, அழற்சி பரவாமல் காக்கிறது. அதுவே புதிய நரம்பிழைகள் உள்ளே வளரவும் தடையாகிறது. பெரிய காயமென்றால் கடைசியில் ஒரு குழிதான் மிஞ்சும்.

குழியை நிரப்பும் ஜெல்

கொடி படரப் பந்தல் வேண்டும். அப்படியொரு பந்தலாக ஒரு ஜெல்லை, கலிஃபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் டாட்டியானா செகுரா, தாமஸ் கார்மைக்கேல் குழுவினர் உருவாக்கினர். ரத்தக்குழாய்களை வளரச்செய்யும் புரதத்தை அதில் சேர்த்து, பக்கவாதத்தால் குழி விழுந்த சுண்டெலி மூளைகளில் செலுத்தினர். 16 வாரங்களில் அங்கே ரத்தக்குழாய்களும் நரம்பிழைகளும் வளர்ந்திருந்தன, உடலசைவும் மேம்பட்டது. 2018இல் இது வெளியானது.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் லோஹிதாஷ் கரும்பையா குழு, மூளையில் இயல்பாக உள்ள சர்க்கரைச் சங்கிலிகளை ஒத்த 'மூளைப் பசை'யை உருவாக்கியது. வளர்ச்சிப் புரதங்களைப் பிடித்துவைப்பது அதன் வேலை. தலைக்காயம்பட்ட எலிகள் முன்னங்காலை நீட்டிப் பொருளைப் பற்றும் திறனை மீட்டதாக 2021இல் அக்குழு அறிவித்தது.

நம்பலாம், ஏமாறக் கூடாது

இவை விலங்குகளில் கிடைத்த வெற்றிகள். மனித மூளை பன்மடங்கு பெரியது. காயங்களும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் 'ஸ்டெம் செல் (பிற அணுக்களாக மாறக்கூடிய மூல அணு) போட்டால் மூளை சரியாகிவிடும்' என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்கள் இப்போதே இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலின்படி, மூளைக்காயத்துக்கு ஸ்டெம் செல் தருவது அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்திடும் முன் அந்த அனுமதியைக் கேட்டுப் பாருங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

* இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிந்து, பட்டையை மாட்டுங்கள்.
* தலையில் அடிபட்டபின் மயக்கம், தொடர் வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.
* மூளைக்காயம் பட்டவர்கள் பிசியோதெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் பாதியில் விடாதீர்கள். திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியில், பிழைத்திருக்கும் நரம்பணுக்கள் தமக்குள் புதிய இணைப்புகளை உண்டாக்குகின்றன. நாளை ஜெல் சிகிச்சை வந்தாலும் இந்தப் பயிற்சி தேவைப்படும்.