செம்பனைக்குக் கீழே ஒரு காட்டுக்கொடி

கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா (பழைய பத்தாங் பெர்ஜுந்தாய்) பக்கம் போகும்போது, புதிதாக மறுநடவு செய்த செம்பனைத் தோட்டம் கண்ணில் பட்டால் தரையைக் கவனியுங்கள். கன்றுகளுக்கு இடையே மண்ணே தெரியாதபடி மூவிலைக் கொடி ஒன்று மூடிக் கிடக்கும். பார்ப்பாரில்லாமல் தோட்டம் காடாகிவிட்டது என்று தோன்றும். அதுதான் இல்லை, காசு கொடுத்து வாங்கி நட்ட கொடி அது.

முக்கூனா பிராக்டியாட்டா என்பது அதன் பெயர். நம் பூனைக்காலிக்குச் சொந்தம். திரிபுராவின் ஈரக்காடுகளில் மரமேறிப் படர்ந்து, கருஊதாப் பூக்களைக் கொத்துக்கொத்தாகத் தொங்கவிடும். கேரளத்து ரப்பர் தோட்டங்களில் முதலில் பரவியது. 1991இல் கோல்டன் ஹோப் நிறுவனம் அதை மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன், பால்மரக் காலத்திலிருந்தே தோட்டத்துத் தரையை மூடும் வேலையைப் பார்த்துவந்தது பியூரேரியா என்ற கொடி. அது இந்த மண்ணின் கொடியே.

இரண்டும் அவரைக் குடும்பம். வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். இலை உதிர்ந்து மட்கும்போது அது கன்றுக்கு உரமாகும். லாலாங் புல்லும் தலையெடுக்காது. மேட்டு நிலத்தில் மண்ணரிப்பைத் தடுப்பதுதான் கொடியின் பெரிய பெருமை. ஆனால் கோலசிலாங்கூர்க் கரையோரம் தட்டை நிலம். என்னைக் கேட்டால் இங்கே அதைவிட வண்டுக்கதைதான் முக்கியம். பழைய மரங்களை இப்போது எரிப்பதில்லை. சாய்த்து, சீவி, அங்கேயே மட்க விடுகிறார்கள். மட்கும் தண்டு காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. அங்கே வளர்ந்து வரும் வண்டு கன்றின் குருத்தைத் துளைத்துவிடும். தண்டுக் குவியலைக் கொடி அடர்த்தியாக மூடிவிட்டால் வண்டு உள்ளே நுழைவது கடினம்.

தொல்லையும் உண்டு. காட்டில் மரமேறிய பழக்கம் போகுமா? கொஞ்சம் அசந்தால் கன்றின் மேலேறிக் குருத்தை அமுக்கிவிடும். அதனால் ஆட்கள் சுற்றுமுறை வைத்து, ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் வட்டமாகக் கொடியை இழுத்துவிட வேண்டும். ஆள் பற்றாக்குறையான தோட்டத்தில் இதுவே தலைவலி.

 

முக்கூனாவின் விதைத்தோல் கடினம். ஓரத்தைக் கீறிவிட்டால்தான் சீக்கிரம் முளைக்கும். இந்த வெப்பச் சமவெளியில் அது பூத்துக் காய்ப்பது அபூர்வம் என்பதால், விதை இந்தியாவிலிருந்து வரவேண்டும், அல்லது தண்டை வெட்டி வேர்பிடிக்க வைக்க வேண்டும். ஏக்கர் ஏக்கராகக் கொடி படர்ந்து கிடந்தாலும், அந்தக் கருஊதாப் பூவை இங்கே பார்த்தவர்கள் குறைவு.